இரண்டாம் இடத்து நீலம்

ஜூலை 1, சனி

ரிட்டையர் ஆகி முப்பத்தொரு நாள். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவளை வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? பால்காரர் வரும் நேரம், எதிர்வீட்டு மோட்டார் ஓடும் நேரம், என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து மாத்திரை விழுங்கும் நேரம் என்று எல்லாவற்றையும் குறிக்க ஆரம்பித்துவிட்டேன். முந்தாநாள் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மிணி, உனக்கு ஏதாச்சும் ரீடிங் எடுக்கோணும், அவ்வளவுதான? என்னைய விட்டுப்போட்டு அந்தப் பள்ளத்த எடு."

எங்கள் பக்கம் ஓடையைத்தான் பள்ளம் என்போம். எங்கள் ஊர்ப் பள்ளம் மேற்கே கரட்டுக் குன்றில் ஆரம்பித்து, பேக்கரிப் பாலம் தாண்டி, வாட்டர் சர்வீஸ் கடையை உரசிக்கொண்டு போய்க் குளத்தில் விழுகிறது. அதன் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று வாராவாரம் சோதித்து எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார் கிளாரா மேடம். பக்கத்துக் காலேஜில் கெமிஸ்ட்ரி டீச்சர். இன்று பயிற்சி கொடுத்தார்.

மூன்று இடம். முதல் இடம் பேக்கரிப் பாலம், அது ரஹ்மத்துல்லா பாய்க்கு, பேக்கரியே அவருடையதுதான். இரண்டாம் இடம் வாட்டர் சர்வீஸுக்குக் கொஞ்சம் கீழே, அது எனக்கு. மூன்றாம் இடம் குளத்து மதகு, அதை மேடமே பார்ப்பார். ஞாயிறு காலை ஏழு மணி. ஆளுக்கு ஒரு பெட்டி, அதில் ஒரு குப்பி, இரண்டு கண்ணாடி டியூப், சொட்டு மருந்து, பொடி, ஒரு கலர் அட்டை. டியூபில் தண்ணீர் எடுத்து, மருந்து பத்துச் சொட்டு விட்டு, பொடி போட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். சோப்புத்தூள், உரம், சாக்கடை இவற்றிலிருந்து வரும் பாஸ்பேட் இருந்தால் தண்ணீர் நீலமாகும். அட்டையில் எந்த நீலத்தோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணை எழுத வேண்டும். 0, 0.5, 1, 2, 4. நாலு என்றால் மோசம்.

மேடம் சொன்ன எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். ஒன்றுதான் எனக்கு ஒப்பவில்லை. "சோப்பு போடாதீங்க. குப்பி, டியூப் ரெண்டையும் எடுக்கப்போற தண்ணியிலயே மூணு தடவை அலசுங்க, போதும்" என்றார். பள்ளத்துத் தண்ணீரிலேயே அலசினால் அது சுத்தமா? படித்தவர், வாய்தவறிச் சொல்லியிருப்பார்.

ஜூலை 2, ஞாயிறு

ஏழு மணி என்றால் ஏழு. பாய் ஏழு பத்துக்குத்தான் பாலத்துக்கு வந்தார் என்று தெரிகிறது.

என் இடத்துக்கு மேலேதான் பொன்னுரங்கன் கடை. பதினேழு வருடமாக அங்கே டெம்போவும் டிராக்டரும் கழுவுகிறான். ஒன்பது வருடம் முன்னால், வீட்டு இணைப்பில் கடை மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தான். நான்தான் பிடித்துக் கடை இணைப்புக்கு மாற்றி எழுதினேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் வண்டிச் சக்கரத்தைப் பார்ப்பான். எனக்கு அவன்மேல் ஒன்றும் இல்லை.

அவன் கடை வாய்க்கால் பள்ளத்தில் சேரும் இடத்தில் நுரை ஒரு முழத்துக்கு நிற்கிறது. சரி, இன்று மாட்டினான் என்று பத்துச் சொட்டு விட்டேன். ஐந்து நிமிடம். ஆறு நிமிடம். ஏழு நிமிடம்கூடப் பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

0 என்று எழுதினேன். உள்ளதைத்தானே எழுத முடியும்.

ஜூலை 9, ஞாயிறு

மறுபடியும் 0. டியூப் மங்கிப்போயிருக்கிறது, அடியில் மருந்துக் கறை. மங்கல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எந்த நீலம் தெரியும்? மீட்டர் கண்ணாடியில் தூசி இருந்தால் நான் துடைக்காமல் ஒரு நாளும் எழுதியதில்லை.

பாய் ஒரு பொட்டலம் வர்க்கி கொடுத்தார். சூடு. அவருக்கும் 0.

ஜூலை 13, வியாழன்

ஆடி பிறக்க நாலு நாள். ஒட்டடை அடித்தேன். மிளகாய் காயப்போட்டேன். நாளை வெள்ளி என்பதால் விளக்கு, பஞ்சபாத்திரம், வெள்ளிக் குங்குமச் சிமிழ் எல்லாவற்றையும் விபூதி போட்டுத் துலக்கினேன். வெள்ளிக்கும் கண்ணாடிக்கும் விபூதியை மிஞ்சி ஒன்று கிடையாது, சோப்பெல்லாம் சும்மா. கையோடு கையாக அந்த டியூபுக்கும் உள்ளே விரல் விட்டுத் தேய்த்தேன். இன்னொரு டியூப் பெட்டியில் பேப்பர் பிரிக்காமல் இருக்கிறது, அது இருக்கட்டும். தண்ணீர் பட்டால் திட்டுத்திட்டாக நிற்கும் என்று மல்லுத்துணியால் உலரத் துடைத்தேன். அடடா, வைரம்! ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் எடுத்துப்போக வேண்டும்.

கோமாரி ஊசி போட டாக்டர் வந்தார். மாடு உதைத்தது, அவரை அல்ல, என் வீட்டுக்காரரை.

ஜூலை 16, ஞாயிறு

நீலம்!

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டியூபில் அப்படியே பரவி வந்தது. அட்டையை வைத்து மூன்று தடவை ஒப்பிட்டேன். 2. பாலத்துக்கு ஓடிப்போய்ப் பாயிடம் காட்டினேன்.

"என்னாங்கம்மா இது, போன வாரம் பச்சத்தண்ணியாட்டம் இருந்துச்சு?"

"டியூப் மங்கலா இருந்துச்சுங்க பாய். துலக்கினேன். இப்பத்தான் உண்மை தெரியுது."

அவர் தன் டியூபைத் தூக்கிப் பார்த்தார். மங்கல்தான். ஆனால் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. மேலே சுத்தம், கீழே நீலம். நடுவில் யார் கடை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மத்தியானம் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. பரவாயில்லை.

ஜூலை 18, செவ்வாய்

மேடம் போன் செய்தார். "அம்மா, உங்க இடத்துல ரெண்டு. ஆனா அதுக்குக் கீழ மதகுல எனக்குப் பூஜ்யம்தான் வருது. நடுவுல அது எங்க போகுது?"

நடுவில் அரை மைல் கோரைப்புல்லும் ஆகாயத்தாமரையும் இருக்கிறது, அது குடித்துவிடும் என்றேன். "அப்படியும் இருக்கலாம்" என்றார். இருக்கலாம் என்ன, அப்படித்தான்.

ஜூலை 22, சனி

விளக்கு நேற்று முன்தினமே ஆயிற்று. டியூப் மட்டும் இன்று. நன்றாகத் தேய்த்தேன்.

ஜூலை 23, ஞாயிறு

4. அட்டையில் அதற்கு மேல் கட்டமே இல்லை.

திரும்பி வரும்போது பொன்னுரங்கன் கடை வாசலில் நின்றான். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"ஏனுங்க்கா, என்ற கடைத் தண்ணி வெசம்னு பேக்கரில பேசிக்கறாங்களே, நெசமுங்களா?"

"நான் எந்தக் கடைப் பேரும் சொல்லல. இரண்டாம் இடத்துல நாலு. அவ்வளவுதான்."

"இரண்டாம் எடம்னா என்ற கடைதானுங்க. வேற என்ன அங்க தாஜ்மகாலா இருக்குது?" உள்ளே போய் ஒரு கேனைத் தூக்கி வந்தான். "சோப்பு ஆயிலுங்க. பதினேழு வருசமா இதுதான். பவுடர் நான் கையில தொட்டதில்ல. உங்க டியூப்பு பொய் சொல்லுதுங்க்கா."

எனக்கு வந்ததே கோபம். "தம்பி, முப்பத்தொரு வருசம் ரீடிங் எடுத்திருக்கேன். ஒரே ஒரு ரீடிங்கூடத் தப்புன்னு எவனும் நிரூபிச்சதில்ல."

அவன் மனைவி தேவகி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் ஈரத்துணி. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. இதை மறுபடி எழுதுவது ஏன் என்றால், பின்னால் யாராவது படித்தால் தெரிய வேண்டும் என்பதற்காக.

ஜூலை 25, செவ்வாய்

பஞ்சாயத்துத் தலைவரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். வாட்டர் சர்வீஸ் இருக்கும் இடம் பஞ்சாயத்து நிலம், அந்தக் குத்தகை அடுத்த மாதத்தோடு முடிகிறதாம். புதுப்பிப்பதா, காலி பண்ணச் சொல்வதா என்று ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் முடிவு.

"உங்க ரீடிங்க சபையில நீங்களே படிச்சிருங்க சம்பூரணக்கா. நீங்க படிச்சா ஊரே ஒத்துக்கும். சம்பூரணம் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு எங்க மாமியாரே சொல்லுவாங்க."

காபி கொடுத்தேன். அவர் போன பிறகு அந்த வாக்கியத்தை என் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஜூலை 30, ஞாயிறு

தாராபுரத்தில் பங்காளி வீட்டுக் காதுகுத்து. என் இடத்தையும் பாயே பார்த்துக்கொண்டார், அவருடைய டியூபில்.

0 என்று எழுதியிருக்கிறார்! பத்துச் சொட்டுக்குப் பதில் நாலு சொட்டு விட்டிருப்பார். பேக்கரி அடுப்பு ஞாபகம். பொன்னுரங்கன் முந்தின நாள் கடை லீவு விட்டானா என்று விசாரித்தேன். விடவில்லை, பதினாலு வண்டி. பதினாலு வண்டி கழுவி எப்படி 0 வரும்? இந்த மாதிரி வேலையை அடுத்தவரிடம் கொடுக்கவே கூடாது.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம். மஞ்சள் சரடு மாற்றினேன். பள்ளத்தங்கரையில் பெண்கள் விளக்கு வைத்துக் கும்பிட்டார்கள், தேவகியும் வந்திருந்தாள். எனக்கு மட்டும் குங்குமம் நீட்டவில்லை. நானே எடுத்து வைத்துக்கொண்டேன்.

மாலையில் விளக்கெல்லாம் துலக்கி, டியூபும் துலக்கினேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

4. பாயிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "நான் ஒழுங்காத்தாம்மா பத்துச் சொட்டு விட்டேன்" என்றார், போன வாரத்தைப் பற்றி. பாவம். நான் பெரிய மனசு பண்ணி, "விடுங்க பாய், பழகப் பழக வரும்" என்றேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

தாராபுரத்து ஒறம்பரைச் சொந்தங்கள் வந்திருந்தார்கள். காதுகுத்தில் சொல்லி வைத்திருந்தேன், அதனால் அந்த நீல வித்தையைக் காட்டு என்று ஒரே நச்சரிப்பு. டியூபைத் துலக்கி எடுத்து வந்து, "பாருங்க, நல்ல தண்ணின்னா நிறமே வராது" என்று எங்கள் ஃபில்டர் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு விட்டேன்.

நீலம் வந்தது.

எல்லாரும் குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்கள். என் வீட்டுக்காரரின் அண்ணன், மச்சாண்டார், "சம்பூரணம், நாங்க குடிச்சது என்ன தண்ணி?" என்று கேட்டார். எனக்குத் தலைகுனிவாகப் போயிற்று. ஃபில்டர் கெட்டுவிட்டது.

ஆகஸ்ட் 9, புதன்

ஃபில்டர் மெக்கானிக் வந்தார். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்லீங்கம்மா, போன மாசந்தான் மாத்தினது" என்றார். நான் விடவில்லை. அவர் கண்ணெதிரே டியூபைப் பளபளவென்று துலக்கி, கடையில் வாங்கிய சீல் பிரிக்காத பாட்டில் தண்ணீரை ஊற்றிச் சோதித்தேன்.

நீலம்.

"கம்பெனித் தண்ணியும் மோசமுங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாடு கெட்டுக் கிடக்கிறது. அவர் தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நம் வீட்டு முருங்கைக்கு ஊற்றிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 10, வியாழன்

சாயங்காலம் பொழுதோடு நல்ல மழை. மொட்டை மாடி நடுவில் கழுவிய தட்டை வைத்து, வானத்திலிருந்து நேராக விழுந்த தண்ணீரைப் பிடித்தேன். டியூபைத் துலக்கிவிட்டுத்தான், நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் அல்ல.

நீலம். 4.

வெகு நேரம் அந்த டியூபைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொன்னுரங்கன் மேகத்துக்குமா வாட்டர் சர்வீஸ் பண்ணுகிறான்?

பெட்டியிலிருந்த இன்னொரு டியூபைப் பேப்பர் பிரித்து எடுத்து, அதே மழைத் தண்ணீரை ஊற்றினேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வெள்ளை.

ஒன்று பழசு, ஒன்று புதுசு. அவ்வளவுதான் வித்தியாசம். வேறென்ன இருக்க முடியும்? காயப்போட்ட மிளகாய் நனைந்துவிட்டது, மறந்தே போனேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

விளக்கு ஏற்றிவிட்டு நெற்றிக்கு விபூதி எடுத்தேன். எடுத்த கை பாதியிலேயே நின்றுவிட்டது.

புது டியூபில் மழைத் தண்ணீர். அதில் ஒரு சிட்டிகை விபூதி. சொட்டு. பொடி.

நீலம் இல்லை அது. மை. பேனாவில் ஊற்றி எழுதலாம்.

அட கெரகமே.

ஆகஸ்ட் 12, சனி

இட்லி மாவு ஆட்டினேன். தையல்காரியிடம் ரவிக்கை வாங்கினேன். கோழிக்குத் தவிடு. எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இன்று பள்ளத்துத் தண்ணீரிலேயே குப்பியையும் டியூபையும் மூன்று தடவை அலசினேன். 0.

மேடம் மதகிலிருந்து நேராக வந்துவிட்டார், முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களாம்மா! நீங்க தொடர்ந்து எழுதினதுல பயந்து பொன்னுரங்கன் சோப்புப் பவுடரை நிறுத்திட்டார் போல. தண்ணி சரியாயிடுச்சு. இதுக்குத்தான் ரீடிங் எடுக்கிறது!"

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன், அவ்வளவுதான், ஆமாம் என்று சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது. இனிமேல் 0 தான் வரும். பள்ளமும் சுத்தம், என் பேரும் சுத்தம். பொன்னுரங்கனுக்கு என்ன, குத்தகை போனால் மருந்துக் கடை முக்கில் இடம் காலியாக இருக்கிறது, அங்கே கடை போட்டுக்கொள்ளலாம். அங்கே தண்ணீர் இல்லை என்பது வேறு விஷயம்.

இரவுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரரிடம் பொதுவாகக் கேட்டேன். "ஏனுங்க, ஒருத்தர் ஒரு ரீடிங்கத் தப்பா எழுதி, அது தப்புன்னு யாருக்குமே தெரியாமப் போச்சுன்னு வெச்சுக்குங்க..."

அவர் தோசையைப் பிட்டபடியே சொன்னார். "அந்த ஒருத்தருக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்னுதான் வெச்சுக்குங்களேன்."

"அப்ப அவங்க மூணு நாளா வடிக்கற சோத்துல, சுடற தோசையில எதுலயும் உப்பு இருக்காது அம்மிணி. கூட இருக்கற மனுசன் ஒண்ணும் கேக்காமத் தின்னுட்டு இருப்பான்."

தோசையை வாயில் வைத்துப் பார்த்தேன். மண் மாதிரி இருந்தது. அழுகை வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்ல முடியாது, கேஸ் அடுப்பு.

ஆகஸ்ட் 14, திங்கள்

மேடத்துக்குப் போன் போட எடுத்தேன், வைத்துவிட்டேன். அவரிடம் சொன்னால் "பரவாயில்லம்மா, நான் பாத்துக்கறேன்" என்று தானே பூசி மெழுகிவிடுவார். நல்ல மனசு. அந்த நல்ல மனசு எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடி ஏற்றினார்கள். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். சமுதாயக் கூடத்தில் நூற்றைம்பது பேர் இருக்கும். பொன்னுரங்கன் கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு, பக்கத்தில் தேவகியோடு உட்கார்ந்திருந்தான். தலைவரம்மா குடிதண்ணீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்து, "அடுத்து வாட்டர் சர்வீஸ் குத்தகை. சம்பூரணக்கா ரீடிங் படிப்பாங்க" என்றார்.

பையிலிருந்து இரண்டு டியூபையும் விபூதிப் பொட்டலத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். சபைக்கு வைத்திருந்த கேன் தண்ணீரில் ஒரு டியூபை மூன்று தடவை அலசினேன். இன்னொன்றை விபூதி போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்தேன். இரண்டிலும் அதே கேன் தண்ணீர். இரண்டிலும் சொட்டு, பொடி.

"அஞ்சு நிமிசம் பொறுக்கோணும்" என்றேன்.

ஊரே இரண்டு கண்ணாடி டியூபைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒருத்தர் இருமினார். கிளாரா மேடம் முதலில் புருவத்தைச் சுருக்கினார், பிறகு விபூதிப் பொட்டலத்தைப் பார்த்தார், பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒன்று வெள்ளை. ஒன்று நீலம்.

"இந்த நீலந்தான் நான் இரண்டாம் இடத்துல எடுத்தது. பள்ளத்துல இல்ல. என்ற விபூதில இருந்துச்சு. நாலு நாள் முன்னாடியே எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கோணும், சொல்லல. மூணு ரீடிங் தப்பு. மூணையும் அடிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அக்கோவ், அப்ப பள்ளத்துக்கே திருநீறு பூசிப்போட்டீங்களா!" கூடம் முழுக்கச் சிரிப்பு. பாய் மட்டும் சிரிக்காமல் எழுந்து, "நான் ஒழுங்காத்தான் பத்துச் சொட்டு விட்டேன், எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு.

மேடம் எழுந்து வந்தார். "தப்பு என்னுதுதாங்க. சோப்பு போடாதீங்கன்னு சொன்னேன், சாம்பல் போடாதீங்கன்னு சொல்லத் தோணலை. சாம்பல்ல பாஸ்பேட் இருக்கும். எங்க வீட்டுல விபூதி கிடையாது, எனக்கு அது மனசுலயே வரலை."

"இல்லீங்க மேடம்," என்றேன். "மூணு தடவ அலசச் சொன்னீங்க. நான்தான் அலசல." அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தேவகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொண்ணும் சொல்லோணும். பொன்னுரங்கன் மேல எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டே இருந்தேன். இருந்துச்சு. நீலம் வந்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோசம். அந்தச் சந்தோசம் இல்லாம இருந்திருந்தா, மதகுல பூஜ்யம் வந்தப்பவே நான் யோசிச்சிருப்பேன்."

குத்தகையைப் புதுப்பிக்கச் சபை கை தூக்கியது. நானும் தூக்கினேன். தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கடைசி வரிசையில் பொன்னுரங்கன் இல்லை. எழுந்து போய்விட்டிருந்தார்.

ஆகஸ்ட் 16, புதன்

சாம்பாரில் உப்பு சரியாக இருந்ததாம். அவர் சொன்னார். எனக்குத்தான் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

காலையிலேயே வாட்டர் சர்வீஸுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பது என்று முடிவு பண்ணி, என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். பொன்னுரங்கன் ஒரு செங்கல் டெம்போவுக்கு அடியில் படுத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பொன்னுரங்கா..."

வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். நெற்றி விபூதியைப் பார்த்தார். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த பைப் தானாகச் சுற்றி டெம்போ டிரைவர் மேலெல்லாம் தண்ணீர்.

"மன்னிச்சுக்குங்க்கா, முடியல. அன்னிக்குச் சபையிலயே வந்துருச்சுங்க. சிரிச்சா மருவாதியா இருக்காதுன்னுதான் வெளிய ஓடுனேன். ஊடு போறவரைக்கும் சிரிச்சேன். மழைத்தண்ணியவுமா சோதிச்சீங்க? நாச்சிமுத்து மாமா சொன்னாருங்க."

இந்த மனுசன் வாயில் ஒன்றும் நிற்காது. என் வீட்டுக்காரரைச் சொன்னேன்.

மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோய், "தப்புப் பண்ணிட்டேன் தம்பி" என்று மட்டும் சொன்னேன். தேவகி உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். டீ வந்தது.

பொன்னுரங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அது சரிங்க்கா. அப்ப என்ற கடைத் தண்ணி நெசமாவே எவ்வளவுங்க?"

"பள்ளத்துல பூஜ்யம்."

"பள்ளம் வேண்டாங்க. அங்க போனா எல்லாத் தண்ணியும் கலந்துருதில்ல. என்ற கடை வாய்க்கால்ல?"

அதை நான் எடுத்ததே இல்லை. ஒன்றரை மாதமாக அந்த ஆளைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன், அவர் வாய்க்காலில் ஒரு தடவைகூட டியூபை வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வாங்க, சேர்ந்து பார்க்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஆறு ஐம்பதுக்கே வந்து நின்றார். முந்தின நாள் கழுவிய பதினொரு வண்டித் தண்ணீர் வாய்க்கால் தொட்டியில் தேங்கியிருந்தது. குப்பியை அவரே மூன்று தடவை அலசினார், டியூபையும் அவரே. பத்துச் சொட்டை எண்ணி விட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது.

0 வர வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரு ரீடிங் இப்படி வர வேண்டும் என்று இதற்கு முன்னால் நான் வேண்டியதே இல்லை. இல்லை, வேண்டியிருக்கிறேன், அது வேறு மாதிரி.

ஐந்து நிமிடத்தில் லேசாக நீலம் வந்தது. மங்கல் எதுவும் இல்லை, தெளிவான நீலம். அட்டையில் 1.

"இது பள்ளத்துத் தண்ணி இல்ல," என்று அவசரமாகச் சொன்னேன். "தொட்டித் தண்ணி. நம்ம நோட்டுல தொட்டிக்குன்னு ஒரு கட்டமே கிடையாது. பள்ளத்துல கலந்தா பூஜ்யம் ஆயிருது. வண்டியில ஒட்டியிருந்த உரமாக்கூட இருக்கும். இத எழுத வேண்டியதில்ல பொன்னுரங்கா."

அவர் டியூபை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க்கா, எனக்குப் பாவம் பாக்கறீங்களா?"

"அதெல்லாம் இல்ல."

"பொய்யா நாலு எழுதினீங்க. நெசமா ஒண்ணு வந்திருக்குது, அத எழுத மாட்டீங்களா?" டியூபை என் கையில் கொடுத்தார். "எழுதுங்க. தொட்டிக்குப் பக்கத்துல ஒரு குழி வெட்டி, ஜல்லி போட்டு, சுத்தியும் கல்வாழை நட்டு, தண்ணிய அதுல விட்டுப் பாக்கறேன். அடுத்த மாசம் திரும்ப எடுப்போம். இப்ப எழுதாமப் போனா, அப்பக் கொறஞ்சுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நோட்டில் இடது ஓரத்தில் கோடு போட்டு "வாட்டர் சர்வீஸ் தொட்டி" என்று ஒரு புதுக் கட்டம் போட்டேன். அதில் 1 என்று எழுதினேன். பேனாவை வாங்கிப் பக்கத்திலேயே அவரும் கையெழுத்துப் போட்டார்.

முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ வாசலில் நின்றிருக்கிறேன். கொஞ்சம் குறைத்து எழுதுங்க அக்கா என்று கேட்டவர்கள் உண்டு, இந்த மாதம் விட்டுவிடுங்க என்று கெஞ்சியவர்கள் உண்டு. உள்ளதை எழுது என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் பொன்னுரங்கன்தான்.